கோட்லாவுக்கு வரும் மனுக்கள்

டெல்லியில் பார்க்க வேண்டிய பழைய சின்னங்கள் என்றால் செங்கோட்டை, குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை என்றுதான் வரிசை தொடங்கும். ஃபிரோஸ் ஷா கோட்லா அந்த வரிசையில் பின்னுக்குப் போய்விடுகிறது. ஆனால் ஓர் இடத்துக்குப் புனிதம் எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் இந்த இடிபாடுதான். கட்டியவரின் எண்ணத்திலிருந்துதான் புனிதம் வருகிறது என்றால், அங்கே நிற்கும் அசோகர் தூணை என்ன சொல்வது? கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் தம் தர்மக் கட்டளைகளைப் பொறித்த கல் அது. 14ஆம் நூற்றாண்டில் டெல்லி சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் அதை இன்றைய ஹரியானாவிலுள்ள தோப்ராவிலிருந்து பெயர்த்தெடுத்தார். பஞ்சில் பொதிந்து, 42 சக்கர வண்டியில் யமுனைக் கரைக்கு இழுத்து வந்து, படகில் ஏற்றி, தம் கோட்டைக்குள் மசூதியின் அருகே நிறுத்தினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படித்துச் சொல்ல ஆளில்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்த பிறகே அசோகரின் சொற்கள் மறுபடி வெளிவந்தன. இன்று அங்கு வருபவர்களுக்கோ அந்தத் தூண் 'லாட்வாலே பாபா' என்ற ஜின்னின், அதாவது இஸ்லாமிய நம்பிக்கையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரின், இருப்பிடம். அசோகரும் நினைக்காதது, சுல்தானும் நினைக்காதது இது.

வியாழக்கிழமைகளில் இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர்கள் என எல்லோரும் வருகிறார்கள். இடிந்த அறைகளின் கரிபடிந்த மாடங்களில் விளக்கும் ஊதுபத்தியும் ரோஜா இதழ்களும் இருக்கும், கூடவே ஜின்களுக்கு எழுதிய கடிதங்கள். பெயர், முகவரி, குறை எல்லாம் விவரமாக எழுதி, சிலர் போட்டோவும் ஒட்டி, ஒரே மனுவை ஜெராக்ஸ் எடுத்து மாடத்துக்கு ஒன்றாக வைக்கிறார்கள். மகளின் கல்யாணம், தீராத நோய், வேலை, வீட்டுச் சண்டை என்று அலுவலகங்களில் ஏறி இறங்கி அலுத்தவர்களின் குறைகள் அவை. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையோடு மனிதர்கள் திரும்பத் திரும்ப வருவதுதான் இவ்விடத்தைப் புனிதமாக்குகிறது என்பேன்.

இந்த வழக்கம் 1970களின் பிற்பகுதியில்தான் கண்ணில் படத் தொடங்கியது, இதற்கு ஏது பழமை என்று கேட்பவர்கள் உண்டு. எந்த வழிபாட்டுக்கும் ஒரு முதல் நாள் இருந்திருக்கும். பழமை மட்டும் போதுமென்றால், ஆளில்லாத ஒவ்வொரு பாழ்மண்டபமும் கோயிலாகிவிடும். ஜின்னிடம் வேண்டுவது இஸ்லாத்துக்கே ஒவ்வாது என்று மார்க்க அறிஞர்கள் பலர் சொல்வது கனமான மறுப்பு. இறைவனை மட்டுமே வேண்டுவது என்ற அவர்களுடைய கொள்கைக்குள் அது சரிதான். ஆனால் அது வேண்டுதல் யாரைச் சேர வேண்டும் என்பது பற்றிய தீர்ப்பு. இத்தனை பேர் ஏன் இங்கே மனம் திறக்கிறார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை. விளக்குப் புகை கல்லைக் கெடுக்கிறது என்ற தொல்லியல் துறையின் கவலையை நான் முழுமையாக ஏற்கிறேன். அதற்காக வருபவர்களைத் தடுத்துவிடக் கூடாது. விளக்கேற்றச் சுவரைவிட்டுத் தள்ளி ஓர் இடம் ஒதுக்கித் தந்தால் கல்லும் பிழைக்கும், வழிபாடும் நிற்காது. டெல்லிக்குப் போகிறவர்கள் கோட்லாவுக்கு ஒரு வியாழக்கிழமை போய்ப் பாருங்கள். மாடத்தில் இருக்கும் கடிதங்களை மட்டும் எடுத்துப் படிக்காதீர்கள்.