அடிபட்டவரைத் திருப்பி அனுப்பாதே, மாஸ்டர்!

அடிபட்ட ஆள் ஜிம் வாசலில் வந்து நின்றால் உன் முகம் ஏன் வாடுகிறது, தம்பி? முழங்காலுக்கு மேல் நீளத் தழும்போடு ஒருவர் வருகிறார். "ஆறு மாசத்துக்கு முன்னாடி பிளேட் வச்சாங்க மாஸ்டர். தொடை சூம்பிப் போச்சு. கொஞ்சம் தேத்தி விடுங்க" என்கிறார். நீ இரண்டில் ஒன்றைச் செய்கிறாய். "நமக்கு எதுக்குண்ணே வம்பு, முழுசா குணமானதும் வாங்க" என்று அனுப்பி விடுகிறாய். இல்லாவிட்டால், "வலியைப் பார்த்தா வேலைக்காகாது" என்று மற்றவர்களோடு சேர்த்து அவரையும் ஸ்குவாட்டில் நிறுத்துகிறாய். முதலாவது கோழைத்தனம். இரண்டாவது குற்றம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: உனக்குத் தெரியவில்லை. தெரியாததைக் கற்றுக்கொள்ளலாம். எட்டயபுரத்தில் மாடியில் நாலு பெஞ்சு போட்டு ஜிம் நடத்தும் உன்னாலும் முடியும்!

வந்து நிற்பவர்கள் யார் என்று பார். நம் ஊரை ஒட்டி மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை ஓடுகிறது. பைக்கில் போய் அடிபட்ட ஆள் இல்லாத தெருவைக் காட்டு பார்ப்போம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தருகிறது. உயிர் தப்புகிறது, எலும்பும் கூடுகிறது. அதற்குப் பிறகு? கட்டுப் பிரித்த நாளிலிருந்து அந்த மனிதர் மறுபடி வயலில் இறங்கும் நாள் வரை அவரோடு நிற்பது யார்? மக்காச்சோள மூடையைத் தூக்கி முதுகு பிடித்தவர், தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுக்கக் குனிந்து இடுப்பு போன அக்கா, தறியில் தோள்பட்டை தேய்ந்தவர், கபடியில் ஜவ்வு கிழிந்த பையன் எல்லோரும் அந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த அக்கா உன் ஜிம் படியேறவே கூச்சப்படுவார். பெண்களுக்கென்று காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கு. அதைச் செய்ய எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

நீ தினமும் சொல்கிறாயே "மூணு செட், பத்து ரெப்ஸ்", அது எங்கிருந்து வந்தது தெரியுமா? இரண்டாம் உலகப் போர்க் காலம். சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனை வார்டு நிறைய முழங்கால் அடிபட்ட சிப்பாய்கள். பெரிய எடை எதுவும் இல்லாமல் காலை ஆட்டிக்கொண்டிருப்பதுதான் அன்றைய சிகிச்சை. மாதங்கள் போயின, தொடை தேறவில்லை. அங்கே இருந்த இளம் டாக்டர் தாமஸ் டிலார்ம், சின்ன வயதில் வாதக் காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடந்து, பிறகு எடை தூக்கித் தூக்கித் தன்னைத் தேற்றிக்கொண்டவர். அதையே சிப்பாய்களுக்கும் கொடுத்தார். ஆளுக்கேற்ற எடை, அளந்து, படிப்படியாக. கால்கள் தேறின. 1945-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். 1948-ல் வாட்கின்ஸ் என்ற டாக்டரோடு சேர்ந்து முறையைச் சுருக்கினார்: ஒருவரால் பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடி. அதில் பாதியில் ஒரு செட், முக்காலில் ஒரு செட், முழு எடையில் ஒரு செட்.

உன் மூணு செட் அதுதான்! அடிபட்டவர்களை உன் தொழிலுக்கு வெளியே நிறுத்துகிறாயே, உன் தொழிலின் அரிச்சுவடியே அடிபட்டவர்களின் வார்டில் எழுதப்பட்டது.

இன்னொன்றும் கேள். 1894-லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்ச்சர் என்ற ஆய்வாளர், ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் சும்மா இருந்த மறு கைக்கும் வலு கூடுவதைக் கண்டார். நூறு வருஷத்துக்கு மேலாகப் பலரும் சோதித்து உறுதி செய்த உண்மை இது. வலது காலில் மாவுக்கட்டோடு வருபவரிடம் "கட்டுப் பிரிச்சிட்டு வாங்க" என்று ஏன் சொல்கிறாய்? டாக்டர் சம்மதித்தால், உட்கார வைத்து இடது காலுக்கும் இரு கைகளுக்கும் வேலை கொடு. அவர் உடல் தேறுகிறது. அதைவிடப் பெரிது, "நான் இன்னும் முடிஞ்சு போகலை" என்று அவர் வீட்டுக்குப் போகிறார்.

இனி நான் சொல்வதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேள். நீ டாக்டர் இல்லை, பிசியோவும் இல்லை. வலி எதனால் என்று தீர்ப்பு சொல்வது உன் வேலையில்லை. சுளுக்கு எடுக்கிறேன் என்று கழுத்தைத் திருகாதே. வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பயிற்சி செய்ய வைக்காதே, மாத்திரை வலியை மறைக்கும், காயத்தை மறைக்காது. முதுகுவலிக்காரர் சிறுநீர் போவது தெரியவில்லை என்றாலோ, தொடை இடுக்கு மரத்துப் போகிறது, பாதம் தூக்க வரவில்லை என்றாலோ அன்றைக்குப் பயிற்சி கிடையாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. அறுவைக்குப் பிறகோ கட்டுப் பிரித்த பிறகோ ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு நீவவே கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிரே போகும். நெஞ்சை அடைக்கிறது என்றால் 108. இவற்றை மனப்பாடம் செய். பயந்தாங்கொள்ளியாக ஆவதற்கல்ல! எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் மற்ற இடத்தில் கை நடுங்காது.

முதல் நாள் எடையைத் தொடாதே. நாற்காலி போட்டு உட்கார வை. டிஸ்சார்ஜ் சீட்டைக் கேட்டு வாங்கிப் படி. புரியாத வரியை அடிக்கோடிட்டு அவருடைய பிசியோவுக்குப் போன் போடு: "ஸார், இவருக்கு எவ்வளவு மடக்கலாம், எவ்வளவு எடை ஊன்றலாம், எது கூடவே கூடாது?" இந்த மூன்று கேள்வி போதும். அடுத்து தையல்காரரின் டேப்பை எடு. முழங்கால் சில்லுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இரண்டு தொடையையும் அளந்து நோட்டில் எழுது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொல். நீ பார்க்க வேண்டியது எத்தனை முறை எழுகிறார் என்பதை மட்டுமல்ல, எந்தக் காலில் பாரத்தைப் போடுகிறார் என்பதையும்தான். அடிபட்ட காலைக் காப்பாற்ற இடுப்பு ஒரு பக்கம் சாயும், முகம் மட்டும் சிரிக்கும். முகத்தை நம்பாதே, இடுப்பைப் பார். வலி பத்துக்கு எத்தனை என்று கேள். இரண்டு மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் போதும், போகலாம். மூட்டு வீங்கினாலோ வலி கூடியிருந்தாலோ நேற்றுக் கொடுத்தது அதிகம். குறை. வாரம் ஒரு முறை டேப்பை எடு. அரை சென்டிமீட்டர் கூடியதை நோட்டில் காட்டும்போது அந்த மனிதர் கண்ணைப் பார்த்திருக்கிறாயா? அதற்கு ஈடாக உன்னிடம் எந்தப் புரோட்டீன் டப்பாவும் கிடையாது.

அவசரம்தான் நம் பெரிய எதிரி. கரிசல்காட்டுச் சம்சாரி மழை விட்ட மறுநாளே ஏர் பூட்ட மாட்டார். மண் பதத்துக்கு வரக் காத்திருப்பார், பதம் வந்த பிறகு ஒரு நாளும் தள்ளிப்போட மாட்டார். காயம் பட்ட திசுவும் அப்படித்தான். முழங்கால் ஜவ்வுக்கு அறுவை செய்த பையன் நாலாம் மாதமே நன்றாக ஓடுவான். "கோயில் கொடைக்குக் கபடி இருக்கு மாஸ்டர், ஒரே ஒரு மேட்ச்" என்று கெஞ்சுவான். விடாதே! 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்பது மாதம் வரை மைதானத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்காலில் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அவன் திட்டட்டும். நீ அசையாதே. கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு 2021 ஏப்ரலில் முழங்காலில் அறுவை நடந்தது. 2022 ஐபிஎல்லில் 18 விக்கெட் எடுத்தார். நடுவில் கடந்த மாதங்களை எந்த டிவியும் காட்டவில்லை. உன் வேலை அந்த மாதங்களில் இருக்கிறது.

"எங்க ஊர்ல யார்ணே சொல்லித் தருவா, புக்கெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு" என்று சொல்லாதே. கோவில்பட்டி ஹாக்கி மைதானத்துக்கு ஒரு பஸ் ஏற வேண்டியதுதான். அந்த ஊரில் பயின்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022-ல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை போட்டு ஆடினார்கள். அணி வெண்கலம் வென்றது. அங்கே பையன்கள் எப்படி வார்ம்-அப் செய்கிறார்கள், இழுத்துப் பிடித்த தொடையை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வேலிக்கு வெளியே நின்றாவது கவனி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோக்கள் வீடு தேடி வருகிறார்கள். உன் தெருவுக்கு வருபவரிடம் போய் நில். "ஸார், நானும் கத்துக்கணும்" என்று கேட்பதில் உன் கைச்சதை ஒரு இன்ச்சும் குறைந்துவிடாது. மூட்டு ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் மடங்கும், எந்தத் தசை இழுக்கும் என்பதை உன் உடம்பிலேயே தொட்டுப் படி. பத்தாம் வகுப்பைத் தாண்டாத கைகளும் இதைக் கற்கும். உன் ஜிம் சுவரில் முண்டாசு கட்டிய மீசைக்காரர் படத்தை வரைந்து வைத்திருக்கிறாய். இந்த மண்ணில் 1882-ல் பிறந்த பாரதியின் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு "எனக்கு வராது" என்று சொல்லாதே!

இன்று சாயங்காலம் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் கடையில் ஒரு நோட்டும் ஒரு டேப்பும் வாங்கு. முதல் பக்கத்தில் பக்கத்து அரசு மருத்துவமனையின் எண்ணையும் ஒரு பிசியோவின் எண்ணையும் எழுது. பிறகு, போன மாதம் "குணமானதும் வாங்க" என்று நீ திருப்பி அனுப்பியவருக்கு நீயே போன் போட்டு, டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு நாளைக்கே வரச் சொல்.