காற்றை இறக்கினால் கடக்கலாம்

பாரிஸ் லாச்சப்பலில், ரூ பஜோல் தெருவில் குடியிருக்கும் மாணிக்க விநாயகருக்கு வாகனம் மூஷிகம். யானை முகத்தானுக்கு எலி! மாம்பழத்துக்காக உலகைச் சுற்றி வரச் சொன்னபோது தம்பி மயிலேறிப் பறந்தார். அண்ணனோ வேறு வாகனம் கேட்கவில்லை. அம்மையப்பரை வலம் வந்தார், பழம் பெற்றார்.

கிடைத்த வாகனமே போதும் என்றிருந்த அவரை வணங்கி, புது எஸ்யூவியின் சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டிச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு அடுத்த ஆசை உடனே வந்துவிடுகிறது: உயர்த்திய சஸ்பென்ஷன், பெரிய டயர், புதைந்த வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச். ஆசையில் பிழையில்லை. ஆனால் முதலில் கரடுமுரடான பாதையில் அந்த வண்டியை இருக்கிறபடியே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எளிய வண்டியும் வெகுதூரம் போகும் என்பதற்கு இந்த நகரத்திலேயே சான்று உண்டு. 1978 டிசம்பர் 26 அன்று ட்ரொக்காடெரோவிலிருந்து முதல் பாரிஸ்-டக்கார் பந்தயம் புறப்பட்டது. கிளம்பிய வண்டிகள் 182. டக்காரை எட்டியவை 74. கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒரே பட்டியலில் போட்டியிட்டன. முதலில் வந்தது சிரில் நெவூ ஓட்டிய ஒற்றை சிலிண்டர் யமஹா எக்ஸ்டி 500. 1990களின் பிற்பகுதியிலிருந்து பிரான்ஸிலிருந்து மாணவர்களும் பழைய ரெனோ 4 கார்களில் மொரோக்கோ வரை செல்கிறார்கள், அங்குள்ள சிறுவர்களுக்குப் பள்ளிப் பொருட்களைச் சுமந்துகொண்டு. முன்சில்லுகள் மட்டுமே இழுக்கும் அந்தச் சிறிய கார்கள் பாலைவனத்தில் புதைகின்றன, பலர் கூடித் தள்ளுகிறார்கள், மீண்டும் ஓடுகின்றன.

மணலில் சில்லு சுழலத் தொடங்கியதும் கால் தானாகவே ஆக்சிலரேட்டரை மிதிக்கும். மிதிக்க மிதிக்கச் சில்லு தன் குழியைத் தானே தோண்டும். பழகியவர் காலை எடுத்துவிடுவார். இறங்கிக் குனிந்து, சில்லைச் சுற்றியுள்ள மணலைக் கையால் விலக்குவார். வால்வை அழுத்தி, 35 பிஎஸ்ஐ இருந்த காற்றை 18 வரை இறக்குவார். விறைத்து நின்ற டயர் தளர்ந்து மண்ணில் நீளமாகப் படியும். அதே பாரம் அகன்ற பரப்பில் பரவும். பிறகு வந்த தடத்திலேயே மெல்லப் பின்வாங்கினால், பெரும்பாலும் வண்டி மேலே வந்துவிடும். தார்ச்சாலை ஏறுமுன் காற்றை மறுபடி நிரப்பினால் போதும்.

பிள்ளையார் முன் நாமும் விறைத்து நிற்பதில்லை. நெற்றியில் குட்டிக்கொள்கிறோம், காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடுகிறோம். எதையும் கேட்பதற்கு முன் நம்மைத் தளர்த்திக்கொள்ளும் பயிற்சி அது. இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று அழுத்துகிற மனம் தன் பள்ளத்தையே ஆழமாக்கும். 'நான்' என்பதைச் சற்று இறக்கிய மனத்துக்கு, முன்பிருந்த அதே பலமே போதுமானதாகிறது.

இழுவைக் கயிறும், கூட வரும் இன்னொரு வண்டியும் முதல் நாளே வேண்டும், அவை உயிர்க்காப்பு. பிரான்ஸில் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி, வண்டிகளுக்குத் திறந்துவிட்ட பாதைகளை விட்டு இயற்கை நிலத்தில் இறங்கவும் கூடாது. மற்ற உபகரணங்களில் எது வேண்டும் என்பதைப் பாதையே சொல்லும். அடிப்பாகம் கல்லில் மோதினால் காப்புத்தகடு. டயரின் பக்கம் கிழிந்தால் உறுதியான டயர். அதற்கு முன் பூட்டுவதெல்லாம் சுமை. வண்டியை உயர்த்தினால் சரிவில் கவிழும் ஆபத்தும் உயரும்.

இறைவனிடம் வேண்டுவதற்கும் இதே வரிசைதான். தரப்பட்ட உடலையும் நேரத்தையும் பொறுமையையும் அவற்றின் எல்லைவரை பயன்படுத்திப் பார்ப்போம். அந்த எல்லையில் நின்று கேட்கும்போது, கேட்பது இன்னதென்று நமக்கே தெளிவாகத் தெரியும். கிடைத்ததைக் கையாளவும் தெரியும்.