ஐயமும் தேராத் தெளிவும்: வளைகுடாக் கடலில் ஓர் அறவினா

ஐயுறுதல் குற்றமா, ஐயுற்ற பின்னர் ஆராயாது துணிதல் குற்றமா என்னும் வினா அறநூலுக்கும் அளவை நூலுக்கும் பொதுவானது. மணிமேகலையில் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையின் அளவைவாதி கூறும் அளவைக் குற்றங்கள் எட்டு. அவற்றுள் ஐயமும் தேராது தெளிதலும் தனித்தனியே வைத்து எண்ணப்படுகின்றன. இரண்டற்கும் காட்டு ஒன்றே. தொலைவில் நிற்பது நட்ட தறியோ மனிதனோ எனத் துணியமாட்டாமை ஐயம். ஆராயாமல் அத்தறியை மனிதன் என்றே கொள்வது தேராது தெளிதல். அறிவின் பிழைகளாக அங்குச் சொல்லப்பட்ட இவ்விரண்டின் வேறுபாடு, படைக்கலம் ஏந்தியவன் கையில் அறத்தின் வேறுபாடாக மாறிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். அமெரிக்க, ஈரானியப் பகைமைக்கு நடுவே உயிரிழந்த தமிழக மீனவர் ஒருவரின் இறப்பு இதற்குக் களமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

ஜெபல் அலி நிகழ்வு

2012 சூலை 16ஆம் நாள் துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்திற்கு அப்பால், அமெரிக்கக் கடற்படையின் எரிபொருள் வழங்கு கப்பலான ராப்பஹானக், தன்னை நோக்கி வந்த சிறிய மீன்பிடி படகின்மீது இயந்திரத் துப்பாக்கியால் சுட்டது. இராமநாதபுரம் மாவட்டத்து மீனவர் ஒருவர் இறந்தார்; மூவர் காயமுற்றனர். எச்சரிக்கைகள் பல விடுத்தும் படகு விரைந்து நெருங்கியது என்றது கடற்படை. எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்றனர் உயிர் பிழைத்தோர். படகு தன் வழியிலேயே சென்றது, அதனால் இடர் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை என்று துபாய்க் காவல்துறைத் தலைவர் அப்போது கூறினார்.

கடற்படையின் அச்சம் வெற்று அச்சம் அன்று. 2000 அக்டோபர் 12இல் ஏடன் துறைமுகத்தில் வெடிமருந்து நிரப்பிய சிறுபடகு ஒன்று கோல் என்னும் போர்க்கப்பலைத் தாக்கியதில் மாலுமிகள் 17 பேர் மாண்டனர். ஈரானியப் புரட்சிக் காவல்படையும் விரைவுப் படகுகளையே தன் கடற்போர் முறையின் கருவியாக வளர்த்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஈரானிய எண்ணெய்க்கு விதித்த தடை 2012 சூலை 1இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஹோர்முஸ் நீரிணையை மூடிவிடுவோம் என்னும் அச்சுறுத்தலும் அந்நாளில் கேட்டுக்கொண்டிருந்தது. ஆகவே நெருங்கும் படகைக் கண்டு 'பகையோ, மீனவனோ' என ஐயுற்றதில் குற்றமில்லை. குற்றம் அடுத்த அடியில் தொடங்குகிறது.

எதிர்பார்ப்பு காட்சியாதல்

இதனை விளங்கிக்கொள்ள 1988 சூலை 3ஆம் நாள் நிகழ்ச்சி பெரிதும் துணைசெய்யும். பந்தர் அப்பாசிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஈரானியப் பயணியர் விமானத்தை வின்சென்ஸ் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வீழ்த்தியது. இறந்தோர் 290 பேர். அவர்களுள் குழந்தைகள் 66 பேர். விமானம் தாழ்ந்து கப்பலை நோக்கி வருவதாகக் கப்பலினுள் அறிவிக்கப்பட்டது. அதே கப்பலின் கருவிகளோ அது மேலெழுந்துகொண்டிருந்ததையே பதிவு செய்திருந்தன. கருவி கண்டதை மனிதர் காணவில்லை. தாக்குதலை எதிர்பார்த்திருந்த மனம், வந்த செய்திகளை அவ்வெதிர்பார்ப்பிற்கேற்பத் திரித்துக்கொண்டது என அமெரிக்கக் கடற்படையின் விசாரணை அறிக்கையே குறித்தது. தேராது தெளிதல் என்னும் பழந்தமிழ்க் கலைச்சொல்லுக்கு இதனினும் பொருந்திய விளக்கம் கிடைப்பது அரிது. அங்கே ஐயம் இருந்திருந்தால் 290 பேரும் பிழைத்திருப்பர்; ஐயம் இல்லாமற் போனதே அவர்களைக் கொன்றது.

1996இல் அமெரிக்கா இறந்தோர் குடும்பங்களுக்கு 6 கோடியே 18 இலட்சம் டாலர் தர உடன்பட்டது. ஆயினும் சட்டப் பொறுப்பை ஏற்கவில்லை. இடையில் 1990இல் அக்கப்பல் தலைவருக்குப் பணிச் சிறப்புக்கான விருதும் கிடைத்தது. தேராது தீர்ப்பளித்த பாண்டியன் சிலம்பின் பரல் கண்டதும் தன்னையே கள்வனாக உணர்ந்து உயிர்விட்டதைக் கற்பிக்கும் நமக்கு, பொறுப்பை ஏற்காத இழப்பீடு என்னும் கருத்து விந்தையாகவே தோன்றும்.

இது ஒரு நாட்டின் இயல்பு என்று கொள்ளலாகாது. 2020 சனவரி 8ஆம் நாள், ஈராக்கிலுள்ள அமெரிக்கத் தளங்களின்மீது ஏவுகணை வீசிய சில மணி நேரத்தில், தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் பயணியர் விமானத்தை ஈரானே வீழ்த்தியது. இறந்தோர் 176 பேர். மூன்று நாள் மறுத்தபின் தவறு என ஒப்புக்கொண்டது. பகைவர் இருவரும் ஒரே பிழையை ஒரே வகையிற் செய்தனர்.

ஐயத்தின் இடர்

'நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டியவனிடம் ஆராய்ச்சியை எதிர்பார்ப்பது முறையா?' என்பது இங்கு எழும் தடை. வலிமையான தடைதான். ஆனால் எவ்வளவு தொலைவில் எச்சரிப்பது, எம்முறையில் எச்சரிப்பது, மீனவர் மலிந்த கடலில் எதனைப் பகைமையின் அடையாளமாகக் கொள்வது என்பனவெல்லாம் நொடியில் முடிவானவை அல்ல. அவை முன்னரே அறைகளில் அமர்ந்து வகுக்கப்பட்டவை. துப்பாக்கியின் பின் நின்றவனுக்குக் காலம் இல்லை எனில், அவனை அவ்வாறு நிறுத்திய கொள்கைக்குக் காலம் நிறையவே இருந்தது.

அடிப்படை வினா, ஐயத்தின் இடரை யார் சுமப்பது என்பதாகும். இக்கட்டுரையாளர் வாழும் எல்லைப்புறத்தில் இதனை நாள்தோறும் காணலாம். 1956இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையைக் கடந்து வரும் சரக்கு வண்டிகளை அமரவிளைச் சோதனைச் சாவடியில் ஐயுற்றே நிறுத்துவர். அங்கு ஐயம் வினாவாகிறது: மலையாளத்தில் கேட்பர், ஓட்டுநர் தமிழில் விடையிறுப்பார், இருவர்க்கும் விளங்கும். நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தபோது ஐயவினாவை அவற்றுள் ஒன்றாக வைத்தார். ஐயத்திற்கு இலக்கணம் தந்த வடிவம் வினா.

கேட்பதற்கு விலை இல்லாமலும் இல்லை. தெஹ்ரானில் விமானம் வீழ்ந்த அதே 2020 சனவரி 8ஆம் நாள் இரவு, களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியிலிருந்த தமிழகக் காவல்துறைச் சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐயத்தின் இடரை ஐயுறுபவரே சுமந்தமைக்கு இது சான்று. அதன் பின்னரும் வருவோரையெல்லாம் முதலில் சுட்டுவிட்டுப் பின்னர் ஆராயலாம் என்று இவ்வெல்லையில் எவரும் சொல்லவில்லை. நிலத்தில் ஏற்கத்தகாத ஒன்று கடலில் ஏற்புடையதாவது எவ்வாறு? ஆயுதமும் கவசமும் உடையவன் தன் இடரை, வலை மட்டுமே உடையவன்மேல் மாற்றி வைப்பதே அங்கு நிகழ்வது.

தொல்காப்பியக் களவியலும் ஈண்டு நினையத்தக்கது. எதிர்ப்பட்டவள் தெய்வமோ மானிடமோ என ஐயுறும் தலைவன் சில குறிகளால் தெளிகிறான். அக்குறிகளுள் கண்ணிமைப்பும் அச்சமும் அடங்கும். எதிரே நிற்பவரின் அச்சம் அங்கே மனிதர் என்பதற்குச் சான்றாகிறது. போர்க்கப்பலின் மேல்தளத்திலோ தன் அச்சமே எதிரியின் பகைமைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

ஜெபல் அலியில் எச்சரித்தோம் என்ற கூற்றும் எச்சரிக்கை வரவில்லை என்ற கூற்றும் ஒருசேர உண்மையாகவும் இருக்கலாம். விளக்கொளியும் வானொலிக் குரலும் கேட்பவனுக்கு வினாவாகச் சென்று சேராதவிடத்து, எச்சரித்தவனுக்கு மட்டுமே அவை எச்சரிக்கை. 2025 சூனில் அமெரிக்கா ஈரானின் அணுநிலையங்களைத் தாக்கியபோதும் வளைகுடா நாடுகளின் படகுகளில் தமிழக மீனவர் கூலிக்கு வலை இழுத்துக்கொண்டிருந்தனர். அக்கடலில் விடுக்கப்படும் எச்சரிக்கை எந்தெந்த மொழிகளில் அமைதல் வேண்டும் என்பதை, அங்கு மீன்பிடிப்போர் யாவர் என்று ஒருநாள் துறைமுகத்தில் நின்று நோக்கினாலே அறிந்துகொள்ளலாம்.