ஒரே கப்பல், இரண்டு காரியம்

அமெரிக்க வல்லரசைப் பற்றி உலக ஜனங்களின் அபிப்பிராயம் காற்றடிக்கும் பக்கம் சாய்வது என்று சிலர் பரிகாசம் செய்கிறார்கள். இந்தோனேசியாவை அத்தாட்சி காட்டுகிறார்கள். பியூ ஆய்வு நிலையத்தார் எடுத்த கணக்கில், 2002-ல் அந்நாட்டார் நூற்றுக்கு 61 பேர் அமெரிக்காவை நல்லவிதமாக எண்ணினர். இராக் யுத்தம் மூண்ட 2003-ல் அது 15 ஆயிற்று. 2005-ல் 38க்கு ஏறிற்று.

இது சபலபுத்தியா? நான் ஒப்பமாட்டேன். 'ஆப்ரகாம் லிங்கன்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலைப் பாருங்கள். இராக்கில் குண்டு போட அதிலிருந்து விமானங்கள் புறப்பட்டன. 2004 டிசம்பர் 26-ல் ஆச்சேயைக் கடல் விழுங்கிய பின், அதே கப்பலின் ஹெலிகாப்டர்கள் தண்ணீரும் உணவும் கொண்டுபோய் இறக்கின. ஜனங்கள் காரியத்தை அல்லவா எடை போட்டார்கள்! நேற்று எடை குறைத்த மொத்த வியாபாரி இன்று சரியாக நிறுத்தால், இன்றைய நிறுவையைச் சரியென்றுதான் சொல்லவேண்டும். பழைய பாக்கி அதனால் தீர்ந்துவிடாது. 61க்குத் திரும்பாமல் 38-ல் நின்றதும் அதனால்தான் என்பேன்.

என்னை உறுத்துவது 2009-ம் வருஷக் கணக்கு. சிறுவயதில் ஜகார்த்தாவில் வசித்த ஒபாமா அதிபரானார். தொகை 63க்குத் தாவியது. அமெரிக்கப் படை அப்போதும் இராக்கில்தான் இருந்தது. அந்தத் தடவை தராசில் ஏறியது காரியமல்ல, முகம்.