கூடாரத்தின் கணக்கு

ஜோர்தானின் தென்கோடியில், அகபா துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் வாதி ரம் இருக்கிறது. பாலை என்றதும் மனத்தில் எழும் வெறும் மணல்மேட்டுப் பரப்பு அல்ல அது. செம்மணலுக்கு நடுவே மணற்கல் மலைகள் செங்குத்தாக எழுந்து நிற்கும் நிலம். ரம் மலை மட்டுமே 1,734 மீட்டர் உயரம். அந்த மலைகளின் அடிவாரத்தில் இரவு தங்கப் போகிறவருக்கு இன்று இரண்டு வகைக் கூடாரங்கள் கிடைக்கின்றன. ஒன்று, பாலை மேய்ப்பர்களான பெதூயின் மக்களின் கறுப்புக் கூடாரம். ஆட்டுமயிரில் நெய்வதால் அவர்கள் மொழியில் அதற்கு ‘மயிர்வீடு’ என்றே பெயர். மற்றொன்று, ஒளி ஊடுருவும் சுவரும் குளிர்சாதனமும் வெந்நீர்க் குளியலறையும் அகலக் கட்டிலும் கொண்ட குமிழ் அறை. படுத்தபடியே நட்சத்திரம் பார்க்கலாம் என்று சொல்லி அதை விற்கிறார்கள். பணம் உள்ளவர் எதில் தங்கினால் என்ன என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ஓர் இடத்தை விரும்பித் தேடிப் போகிறவர், அந்த இடம் விதிக்கும் நிபந்தனைகளில் எவ்வளவை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி இந்த இரண்டு கூடாரங்களுக்கும் இடையில் கிடக்கிறது. அழகை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனையைத் தள்ளிவிடுகிறவர் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதே இல்லை என்று நான் நினைக்கிறேன்.

முதலில் மயிர்வீட்டை நிதானமாகப் பார்க்க வேண்டும். வெள்ளாட்டு மயிரை நூலாகத் திரித்து, தரையில் கிடத்திய தறியில் நீண்ட பட்டைகளாக நெய்து, பட்டைகளை ஒன்றோடொன்று தைத்துக் கூரையாக்குகிறார்கள். நெய்வதும் தைப்பதும் வழிவழியாகப் பெண்களின் கைவேலை. நெசவு நெருக்கமாக இராது. உள்ளே நின்று அண்ணாந்தால் ஊசிமுனை வெளிச்சங்கள் தெரியும். அந்த இடைவெளிகள் வழியாகத்தான் வெக்கையும் அடுப்புப் புகையும் வெளியேறுகின்றன. மழை பெய்தால் நூல் நனைந்து உப்பி, அதே இடைவெளிகளை அடைத்துக்கொள்கிறது. காற்று வீசும் பக்கத்துத் திரையை இறக்கி, எதிர்ப்பக்கத்தைத் திறந்துவிடுவார்கள். ஒரு பட்டை நைந்துபோனால் அதை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தைப்பார்கள். வெயில், காற்று, மழை, ஆடு, ஒட்டகம் சுமக்கும் எடை என்று அந்த நிலத்தின் கணக்கு முழுவதும் அதன் நெசவில் இருக்கிறது. குமிழ் அறையில் அந்தக் கணக்கு எதுவும் இல்லை. ஒளி ஊடுருவும் சுவர் வெயிலை உள்ளே விடும், வெக்கையை வெளியே விடாது. ஆகவே பகலில் குளிர்சாதனம் ஓயாமல் ஓட வேண்டும். காற்றடைத்து நிறுத்தும் வகையாக இருந்தால், அறை சரியாமல் நிற்பதற்கே ஓர் ஊதி இரவும் பகலும் இயங்கியாக வேண்டும். இவ்வளவும் எதற்கு? வானத்தைப் பார்ப்பதற்காம். மயிர்வீட்டிலிருந்து இரண்டு எட்டு வைத்து வெளியே வந்தால் வானம் முழுவதும் தலைக்கு மேல் இருக்கிறது, நடுவில் பிளாஸ்டிக் இல்லாமல்.

மின்சாரத்தையாவது வெயிலிலிருந்து எடுக்கலாம். தண்ணீருக்கு என்ன செய்வது? வாதி ரம்மில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 100 மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. அந்தக் கொஞ்ச மழையையும் மலைதான் காப்பாற்றி வைக்கிறது: மணற்கல் நீரைக் குடித்து மெல்லக் கீழே இறக்குகிறது, அடியில் இருக்கும் கருங்கல் அதை ஊடுருவ விடாததால், இரண்டு பாறைகளும் சந்திக்கும் வரியில் நீர் கசிந்து ஊற்றாகிறது. ரம் மலையின் கிழக்குச் சரிவில் அந்த வரியை ஒட்டிப் பச்சை படர்ந்திருக்கும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நபத்தேயர்கள் என்ற பண்டை அரபு மக்கள் இந்தக் கசிவைப் பாறையில் கால்வாய் வெட்டிக் கீழே கொண்டுவந்தார்கள். நிலத்தின் ஆழத்தில் இன்னொரு நீர் இருக்கிறது. திசி நீர்த்தேக்கம் என்று பெயர். சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை, இன்றைய மழையால் நிரம்பாதது. 2013 முதல் 325 கிலோமீட்டர் குழாய் வழியாக ஆண்டுக்குப் பத்துக் கோடி கன மீட்டர் அளவில் அது தலைநகர் அம்மானுக்குப் போகிறது. ஜோர்தானில் ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் புதுப்பிக்கக்கூடிய நீர் 100 கன மீட்டருக்கும் குறைவு. 500 கன மீட்டருக்குக் கீழே போனாலே முழு நீர்ப் பற்றாக்குறை என்பது உலக வழக்கு. அம்மானில் பல வீடுகளுக்கு வாரம் ஒருமுறை குழாயில் வரும் நீரை மொட்டைமாடித் தொட்டியில் பிடித்துவைத்துத்தான் வாரத்தை ஓட்ட வேண்டும். அப்படிப்பட்ட நாட்டின் பாலையில், நேரம் போவதே தெரியாமல் பூமழைக் குழாயின் கீழ் நிற்பது ஓய்வு என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த நிலத்தை விற்கிற மொழியும் என்னை உறுத்துகிறது. 1962இல் வெளிவந்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வும் 2015இல் வெளிவந்த ‘தி மார்ஷியன்’ படமும் இங்கே எடுக்கப்பட்டன. இரண்டாவது படத்தில் வாதி ரம்தான் செவ்வாய்க் கிரகம். அதன்பின் குமிழ் அறைகளுக்கும் செவ்வாயின் பெயர் ஒட்டிக்கொண்டது: வேறொரு கோளில் ஓர் இரவு, ஆளே இல்லாத உலகம் என்றெல்லாம். ஆனால் இந்தப் பாறைகளில் ஏறக்குறைய 25,000 சித்திரங்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் இருக்கின்றன. 12,000 ஆண்டுகளாக மனிதர்கள் இங்கே வாழ்ந்ததற்கு அவை சாட்சி. 2011இல் யுனெஸ்கோ இதை இயற்கை, பண்பாடு என்ற இரண்டு காரணங்களுக்காகவும் உலக மரபிடமாக அறிவித்ததில் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஒட்டகம் மேய்த்தவன் தன் பெயரைக் கீறிவிட்டுப் போன பாறையின் அடியில் படுத்துக்கொண்டு, இங்கே யாருமே இல்லை என்று நம்புவதற்கு ஒருவர் காசு கொடுக்கிறார். நிலம் வெறுமை என்று நம்பிவிட்டால் அங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்கத் தோன்றாது. நிபந்தனைகளும் அதோடு கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு நியாயமானது. பெதூயின்களே இன்று ரம் ஊரில் சிமெண்டு வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள், பிக்கப் வண்டி ஓட்டுகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்; அவர்கள் கைவிட்ட கஷ்டத்தை வெளியூர்க்காரர் போற்றுவது எளிது என்று சொல்லலாம். உண்மை. அவர்கள் மயிர்வீட்டிலேயே கிடக்க வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நான் அதைச் சொல்லவும் இல்லை. தண்ணீர்க்குடத்தோடு வாழ்நாள் முழுவதும் நடந்தவருக்குக் குழாய் என்பது விடுதலை. என் கேள்வி, அந்த நிலத்தில் பிறக்காமல், தன் விருப்பத்தால் இரண்டு இரவுகளுக்குப் போகிறவரைப் பற்றியது. சுற்றுலாதானே அவர்களுக்குச் சோறு என்றும் சொல்வார்கள். அதுவும் சரி. ஆனால் வழிகாட்டி, வண்டி, சமையல் ஆகியவற்றின் கூலி எளிய முகாமிலும் அவர்கள் கைக்குத்தான் போகிறது. ஆட்டுமயிர்த் துணியும் மெத்தைகளும் ஓர் அடுப்பும் ஒரு குடும்பத்தின் முதலுக்குள் அடங்கும். இருபது குமிழ் அறைகள் அடங்கா. அங்கே முதல் போடுபவர் வேறொருவர் ஆகவும், ஊர்க்காரர் சம்பளத்துக்கு நிற்கவும் வாய்ப்பு அதிகம்.

வயதானவர், மூட்டுவலிக்காரர், குழந்தையோடு வருபவர் மணலில் படுக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். கட்டிலும் கம்பளியும் சுத்தமான கழிப்பறையும் ஆடம்பரம் ஆகா. நீச்சல்குளம் ஆடம்பரம். விமானத்தில் எரித்த எண்ணெய்க்கு முன் ஒரு குளிர்சாதனம் எம்மாத்திரம் என்ற மறுப்புதான் கடினமானது. கணக்குப்படி அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அவ்வளவு எரித்து அவ்வளவு தூரம் போய், தன் ஊர் நட்சத்திர விடுதியில் கிடைக்கும் அதே இரவைத்தான் வாங்கினோம் என்றால், எரித்த எண்ணெய்க்கு என்ன பதில் சொல்வது?

பாலை கொடுக்கும் அறிவு உடம்பு வழியாகத்தான் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பகலின் வெக்கையும் இரவின் குளிரும் தோலில் பட்டால்தான், நெருப்பைச் சுற்றி ஏன் உட்காருகிறார்கள் என்பது விளங்கும். குழிக்குள் கனலை இட்டு, இறைச்சியையும் காய்களையும் வைத்து, மணலால் மூடி வேகவைக்கும் ‘சர்ப்’ சமையலின் அருமையும் விறகு கிடைக்காத நிலம் என்று உணர்ந்தவருக்கே தெரியும். வந்தவர் யார், எங்கே போகிறார் என்று கேட்காமல் மூன்று நாள் வைத்துச் சோறிடுவது பெதூயின் வழக்கம். அது வெறும் பெருந்தன்மையால் வந்தது அல்ல. பாலையில் இன்று கதவை மூடினால், திறந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய ஒருவர் சாவார். நாளை அந்த ஒருவர் நாமாக இருக்கலாம். தாகமே எடுக்காதபடி ஏற்பாடு செய்த இடத்தில் அந்த வழக்கம் விருந்தினர் சேவையாகச் சுருங்கி, கட்டணத்தில் சேர்ந்துவிடுகிறது.

வாதி ரம்மில் எளிய முகாம்கள் இன்னும் இருக்கின்றன. சூரியத் தகட்டிலிருந்து சில மணி நேர மின்சாரம், தொட்டி வண்டியில் வரும் தண்ணீர், எல்லோருக்கும் பொதுவான குளியலறை. விளக்கை அணைத்தபின், வேண்டுமானால் மெத்தையை வெளியே இழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். கம்பளி மட்டும் இரண்டாக வேண்டும், விடியற்காலைக் குளிர் அப்படி.