சொத்தில் பங்கு

நாகர்கோவிலிலிருந்து வடக்கே அரைமணி நேர பஸ் பயணத்தில் பூதப்பாண்டி வந்துவிடும். ஒரு பக்கம் தாடகை மலை, ஒரு பக்கம் பழையாறு, நடுவில் பூதலிங்கசாமி கோயில். 1907 ஆகஸ்ட் 21ல் இங்கே பிறந்த பையனுக்கு சொரிமுத்து என்று பேர் வைத்தார்கள். தனித்தமிழ் வேகத்தில் கொஞ்சகாலம் உயிரின்பன் என்று இருந்து, கடைசியில் ஜீவானந்தம் என்றே நிலைத்தவர். நமக்கெல்லாம் ஜீவா.

சென்ற முறை போனபோது, திரும்பி வர பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். கூட வந்த கல்லூரிப் பையனுக்கு ஜீவா கதையை சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் தெரிந்த கதைதான். முதலமைச்சர் காமராஜர் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்குப் போகிறார். வழியில் ஜீவாவின் குடிசையில் காரை நிறுத்தி, 'நீயும் வா' என்கிறார். 'நீங்கள் போங்கள், பின்னால் வருகிறேன்' என்கிறார் ஜீவா. தாமதமாகத்தான் வந்து சேர்கிறார். இருந்த ஒரே நல்ல வேட்டி துவைத்துக் காய்ந்துகொண்டிருந்ததாம்! வீடு தருகிறேன் என்றபோதும், எல்லாருக்கும் வீடு கிடைக்கட்டும், அப்புறம் எனக்கு என்று மறுத்துவிட்டார் என்பார்கள்.

பையன் உருகிப்போனான். கடவத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருத்தி அதுவரை சும்மா இருந்தவள், 'எல்லாஞ் சரிதான் மக்களே. அந்தக் குடிசைக்குள்ள அடுப்பு எரிச்சது யாரு?' என்றாள்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கதையை எத்தனையோ மேடையில் கேட்டிருக்கிறேன், நானே சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். இந்தக் கேள்வி மட்டும் எனக்குத் தோன்றியதில்லை.

முதல் மனைவி கண்ணம்மை ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு இறந்துபோனார். பிறகு வந்தவர் பத்மாவதி. சிறை, தலைமறைவு, ஊர் ஊராகக் கூட்டம் என்று போகிற மனிதர் இவர் என்று தெரிந்தேதான் அவர் வந்தார். பிள்ளைகள்? அவர்களைக் கேட்டா வறுமையைத் தேர்ந்தெடுத்தோம்? 1952ல் வண்ணாரப்பேட்டையில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனவர் ஜீவா. நாலு சுவரும் ஒரு ஓட்டுக்கூரையும் அவருக்கு நடக்காத காரியமா? (இன்று கவுன்சிலர் கட்டுகிற வீட்டைப் பாருங்கள். சரி, விடுங்கள்.)

1927ல் சிராவயல் ஆசிரமத்துக்கு காந்தி வந்தபோது, உமக்கு என்ன சொத்து இருக்கிறது என்று கேட்டாராம். இந்தியாதான் என் சொத்து என்றார் இருபது வயது ஜீவா. இல்லை, நீர்தான் இந்தியாவின் சொத்து என்றார் காந்தி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாட்டுக்கே எழுதிக்கொடுத்த சொத்தில் வீட்டுக்கு எத்தனை பங்கு? காந்தியின் வீட்டிலேயே இந்த வழக்கு தீரவில்லை. லண்டனில் படிக்கக் கிடைத்த வாய்ப்பை அவர் தன் மகனுக்குத் தராமல் வேறொருவருக்குத் தந்தார். நியாயம்தான். ஆனால் ஹரிலாலுக்கு அது ஆறாத புண். அப்பா சுடப்பட்ட அதே 1948ல், சில மாதங்கள் கழித்து, பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரியில் சீரழிந்து செத்தார்.

ஜீவா செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடும்பத்துக்காக என்று ஆரம்பித்துத்தானே ஊரை விற்கிறார்கள்! ஆனால் அவருடைய தியாகத்தில் பாதி, பத்மாவதியின் கணக்கில் எழுத வேண்டியது. நாம் எழுதவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே யாரோ மேஜையில் காபி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பத்மாவதிக்கு ஒரு பள்ளியில் வேலை கிடைக்க, ஜீவாவின் காதுக்கு எட்டாமல் காமராஜர் வழி செய்தார் என்றும் சொல்வார்கள். பாருங்கள், கல்யாணமே செய்துகொள்ளாத மனிதரின் கண்ணில்தான் அந்த அடுப்பு பட்டிருக்கிறது.

1963 ஜனவரி 18ல் ஜீவா இறந்தார். வயது ஐம்பத்தைந்துதான். கடைசி நேரத்தில், காமராஜருக்கு போன் பண்ணுங்கள், பத்மாவதிக்குத் தந்தி கொடுங்கள் என்றாராம்.

ஆச்சியிடம் இதையும் சொன்னேன். பஸ் வந்துவிட்டது. கடவத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்டாள்:

'தந்தி போய்ச் சேந்துதா மக்களே?'