ஊருணியும் நுழைவுச்சீட்டும்

பொதுவில் அமைந்த நீச்சற்குளம் ஒன்றில் இறங்குவதற்குக் காசு கேட்பது அறமாகுமா? கேட்பதானால் எவ்வளவு கேட்கலாம்? சிறிய வினாக்கள் போலத் தோன்றினும், 'ஊர்ப்பொது' என்று நாம் எதனைச் சொல்கிறோம் என்பதே இவற்றுள் அடங்கிக் கிடக்கிறது.

பிழைப்பு நாடி மும்பைக்கு வந்த நம்மிற் பலர்க்கு இவ்வினா முதலில் வியப்பையே தரும். நாம் நீந்தக் கற்றது கமலைக் கிணற்றிலும் ஏரி மதகடியிலும் ஆற்று மடுவிலும் அன்றோ? முதுகிற் கட்டிய சுரைக்குடுக்கையே நமக்கு மிதவை. மாமனோ அண்ணனோ ஆசான். அங்கே சீட்டுக் கிழித்துத் தருவார் எவருமிலர். இன்று நம் பிள்ளைகள் மாநகராட்சிக் குளத்துக்கு உறுப்பினர் அட்டையோடு செல்கின்றனர். 'தண்ணீரில் இறங்கவும் விலையா?' என்று வீட்டு முதியோர் கேட்கையில் அதில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது.

ஆயினும் நகரத்துக் குளம் தானே ஊறுவதன்று. 50 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் உடைய குளம் 25 இலட்சம் லிட்டர் நீர் கொள்ளும். அந்நீரை வடிகட்டிச் சுழற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். குளோரின் அளவை அடிக்கடி சோதித்தல் வேண்டும். கரையில் உயிர்காப்போர் கண் இமையாது நிற்றல் வேண்டும். கிணற்றுக்கு ஊற்று உண்டு. இதற்கு மின்கட்டணமே உண்டு. 'இலவசமாகவே இருக்கட்டும்' என்று பெருந்தன்மை பேசிவிட்டுப் பராமரிப்பைக் கைவிட்டால், பாசி படர்ந்து பூட்டிக் கிடக்கும் குளமே எஞ்சும். பூட்டிய குளம் ஏழைக்கும் உதவாது.

மேலும், நம் ஊர் நீர்நிலை உண்மையிலேயே விலையின்றி இருந்ததா என்பதையும் நெஞ்சில் கைவைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். பொதுநலம் பேணுவான் செல்வத்துக்கு நீர் நிறைந்த ஊருணியை உவமையாக்கினார் வள்ளுவர். அந்த ஊருணியின் கரையிலேயே ஒரு சாராரை எட்ட நிறுத்தியது நம் சமுதாயம். நாம் வாழும் இம்மராட்டிய மண்ணிலும் நிலைமை வேறன்று. பொது நீர்நிலைகள் எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டுமென 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்த பின்னரும், மகத் நகரின் சவுதார் குளத்தில் ஒரு கை நீர் அள்ளிப் பருகுவதற்காக 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் செல்ல நேர்ந்தது. அங்கே கேட்கப்பட்ட கட்டணம் பிறப்பு. எத்துணை உழைத்துப் பொருளீட்டினும் செலுத்த இயலாத கட்டணம் அது.

இவ்வகையில் நோக்கின், நுழைவுச்சீட்டு ஓர் எளிய விடுதலைப் பத்திரம் எனலாம். காசை நீட்டியவனிடம் அது குலம் கேட்பதில்லை, தாய்மொழியும் கேட்பதில்லை. மொழி அறியாது வந்திறங்கிய நமக்கு இந்நகரின் மின்தொடர்வண்டியில் இடம் தந்ததும் ஒரு துண்டுச் சீட்டே.

ஆனால் அச்சீட்டின் விலை ஓர் எல்லையைக் கடக்குமாயின், முன்வாயிலில் விரட்டப்பட்ட பிறப்பு பின்வாயில் வழியே மீண்டும் நுழைந்துவிடும். கட்டணம் வகுக்க அமரும் குழு எதுவாயினும், ஒரு குரல் அங்கே எழக் காணலாம்: 'கட்டணத்தைக் கூட்டுவோம், கூட்டம் குறையும், தரமானவர்கள் மட்டும் வருவார்கள்.' செலவை ஈடுசெய்யக் கேட்கும் காசு நேர்மையானது. ஆளைத் தெரிந்தெடுக்கக் கேட்கும் காசு, பழைய தீண்டாமை அணிந்த புதிய வேடம். இரண்டும் ஒரே தொகையாகவும் இருக்கலாம். வேறுபாடு வகுப்போரின் உள்ளத்தில் உள்ளது.

கட்டணத்தை எளியோர் பக்கத்திலிருந்து வகுப்பது புதுமையன்று. இங்கிலாந்தில் 1846-இல் இயற்றப்பட்ட பொதுக் குளிப்பறைச் சட்டம், உழைப்பாளர்க்குக் குளிர்நீர்க் குளியலுக்கு ஒரு பென்னி, வெந்நீர்க் குளியலுக்கு இரு பென்னி என்பதற்கு மேற்படக் கேட்கலாகாது என வரையறுத்தது. அவர்க்குரிய குளியலிடங்கள் மேல்வகுப்பார்க்கு உரியனவற்றைப் போல் இருமடங்கிற்குக் குறையலாகாது என்றும் விதித்தது. வகுப்புப் பிரிவை அச்சட்டம் ஒழிக்கவில்லை. எனினும், வருவோர் பலரும் யார் என்பதை மறக்கவுமில்லை.

நமக்கோ இது பொழுதுபோக்கைப் பற்றிய வழக்கு மட்டுமன்று. நம் நாட்டில் ஆண்டுதோறும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் நீரில் மூழ்கி மாள்கின்றனர். கல்குவாரிப் பள்ளத்திலும் கால்வாயிலும் இறங்கும் சிறுவர்க்கு உறுப்பினர் அட்டை இல்லை. நீச்சல் யாருக்கு உயிர்காப்போ, அவர்க்கே அது எட்டாத விலையில் விற்கப்படுமாயின், அதனைப் பொதுக்குளம் என்று எவ்வாறு அழைப்பது? குடிசையில் வாழ்வாரும் சோப்பு வாங்கும்போது வரி செலுத்துகின்றனர். பொதுப்பணத்தில் அவர் பங்கும் உண்டு.

'ஏழைகட்குச் சலுகை தருவோமே' என்பர் சிலர். நன்று, ஆயினும் பிள்ளையின் கையில் வருமானச் சான்றிதழைக் கொடுத்து வரிசையில் நிறுத்தும் சலுகை, சலுகையோடு நாணத்தையும் சேர்த்தே தருகிறது. இரவச்சத்துக்கு ஓர் அதிகாரமே வகுத்த மரபு நம்முடையது. நாள்தோறும் சில மணி நேரம் எல்லார்க்கும் ஒரே குறைந்த கட்டணம் என்று வைத்தால், சான்று கேட்க வேண்டுவதில்லை. பள்ளி வழியாக வரும் சிறார்க்கு நீச்சற் பயிற்சி இலவசமாகட்டும். தமக்கெனத் தனி நேரம் விரும்புவோர் கூடுதலாகச் செலுத்தட்டும். குறையும் தொகையை ஊர் ஏற்கட்டும்.

நம்மிற் பலர் இன்று குடியிருப்புச் சங்கங்களில் பொறுப்பேற்றிருக்கிறோம். கட்டணப் பலகையில் எண்ணை எழுதுமுன், 'வருவோரால் எவ்வளவு தர இயலும்?' என்று கேட்பதோடு நில்லாது, 'இந்த எண்ணால் வெளியே நிற்கப்போவது யார்?' என்றும் கேட்போமாக. நமக்குச் சுரைக்குடுக்கை கட்டிவிட்ட கை எதையும் கேட்கவில்லை. அக்கடனை, நம் வாயிலைக் காக்கும் காவலரின் பிள்ளை நீந்தக் கற்பதற்கு வழிசெய்து தீர்ப்பதே நமக்கு அழகு.